செம்மறி ரோமத்தில் குயில்ட் பேட்டிங்: கையால் செய்ய முழுமையான வழிகாட்டி

குயில்ட் என்ற அடுக்குத் தையல் போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் மெத்தென்ற அடுக்குதான் பேட்டிங். கடைகளில் பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும்தான் கிடைக்கும். செம்மறி ரோமம் இரண்டையும் விட ஒரு படி மேல். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. அழுத்தி மடித்தாலும் திரும்ப எழும்பும். எளிதில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் கொழுந்துவிட்டு எரியாது. குளிர் நாட்டில் வாழ்பவர்களுக்கும், ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலையூர்க்காரர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான உள்ளடக்கம் இல்லை.

இந்த வேலையில் முதலிலேயே மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ரோமத்தை முழுக்க இறுக்கக் கூடாது. முழுக்க இறுகியது ஃபெல்ட். காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்கிலும் செய்யும் நம்தா விரிப்பு அந்த வகை. தரையில் விரிக்க அருமையானது, போர்வைக்குள் வைத்தால் அட்டை. இறுக்காமலே விட்டாலும் ஆகாது. கொஞ்ச நாளில் ரோமம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும், இழைகள் துணியைத் துளைத்து வெளியே வரும். நமக்கு வேண்டியது பேட்டிங்கின் மேல்தோலும் அடித்தோலும், அதாவது மேற்பரப்பும் அடிப்பரப்பும், மட்டும் பின்னிக்கொண்டு, நடுப்பகுதி தளர்ந்து காற்றைப் பிடித்து வைத்திருக்கும் நிலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

வேல்ஸ் நாட்டுப் பழைய குயில்ட்களில் வாரிய ரோமத்தை அப்படியே பரப்பி, அதன்மேல் மிக நெருக்கமாகத் தையல் போட்டிருப்பார்கள். சுருள், இதயம், இலை என்று இடைவெளியே இல்லாமல் ஓடும் அந்தத் தையல்கள் அழகுக்கு மட்டும் போட்டவை அல்ல, ரோமத்தை இடத்தில் நிறுத்துவதும் அவைதான். ஆகவே ஒன்று தையல் பிடிக்க வேண்டும், அல்லது ரோமம் தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். லேசாக இறுக்கிய பேட்டிங் இரண்டாவது வழி. தையல் இடைவெளியைக் கூட்டலாம், வேலை பாதியாகக் குறையும்.

எந்த ரோமம்

ரோம இழையின் மேல் ஓட்டுக்கூரை அடுக்கியதுபோலச் செதில்கள் உண்டு. செதில்கள் எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இழை ஒரு திசையில்தான் எளிதாக நகரும். வெந்நீர், சோப்பு, அசைவு மூன்றும் சேரும்போது இழைகள் வேர்ப்பக்கமாக நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்ளும். திரும்பி வர வழியில்லை. அதனால்தான் அதிகமாக இறுகிவிட்டதைச் சரிசெய்யவே முடியாது.

எல்லா ஆட்டு ரோமமும் ஒரே மாதிரி இறுகுவதில்லை. மெரினோ மிக வேகமாக இறுகும். ஆனால் நுண்ணிழை என்பதால் உப்பல் சீக்கிரம் அமுங்கிவிடும். சஃபோக், சவுத்டவுன் போன்ற இனங்களின் ரோமம் நேர்மாறு: ஸ்பிரிங் போல எழும்பும், எளிதில் இறுகாது. நடுவில் நிற்பது கோரிடேல். இழைத் தடிமன் சுமார் 25 முதல் 31 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்).

இந்த வேறுபாட்டை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வெளியடுக்கு இரண்டுக்கும் மெரினோவோ கோரிடேலோ, நடுவடுக்கு இரண்டுக்கும் சஃபோக் வகை ரோமம் என்று வைத்தால் தோல் இறுகும்போது நடுப்பகுதி தானாகவே தளர்ந்து நிற்கும். கை கொஞ்சம் தவறினாலும் அட்டையாகாது. இரண்டு வகை ரோமம் கிடைக்கும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இப்படியே செய்யுங்கள். ஒரே வகைதான் கிடைக்கும் என்றால் கோரிடேல் போன்ற நடுத்தர ரோமத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ்நாட்டில் ரோமம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேச்சேரி, சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர் எல்லாம் முடி ஆடுகள். அவற்றின் முடி இதற்கு உதவாது. கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருப்பு ஆடுகளிலும் கர்நாடகப் பக்கத்து தக்காணி ஆட்டிலும் கிடைப்பது கம்பளி நெய்யும் முரட்டு ரோமம். நடுவடுக்கில் வைக்கலாம், வெளியடுக்கில் வைத்தால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். நல்ல பொருத்தம் நீலகிரி இனம். நாட்டு ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பராமரிக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் ரோமம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இழை நீளம் 6 முதல் 10 செ.மீ. வரை இருந்தால் நல்லது. 4 செ.மீ.க்குக் குறைந்தால் பின்னிக்கொள்ள நீளம் போதாமல் உதிரும். 'சூப்பர்வாஷ்' என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். மெஷினில் சுருங்காமல் இருக்கச் செதில்களைக் கெடுத்தோ பூசி மறைத்தோ விட்ட ரோமம் அது. எவ்வளவு தேய்த்தாலும் இறுகாது.

வாங்குமுன் ஒரு சிட்டிகை, அதாவது 2 கிராம், கேட்டு வாங்கி வெந்நீரும் சோப்பும் விட்டு உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிடம் உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் இறுகும் ரோமம். கொசகொசவென்று பிரிந்தே நின்றால் நடுவடுக்குக்கு மட்டும். அடுத்து ஒரு கற்றையின் இரு நுனிகளையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுங்கள். 'டிங்' என்று தெளிவாகக் கேட்டால் உறுதியான இழை. 'சரசர'வென்று பிய்ந்தால் ஆடு நோயிலோ பட்டினியிலோ இருந்த காலத்தில் வளர்ந்த பலவீனமான ரோமம். வாரும்போது அறுந்து அறுந்து முடிச்சாகும்.

எவ்வளவு வேண்டும்

150 × 200 செ.மீ. அளவுள்ள ஒற்றைக் கட்டில் குயில்ட்டைக் கணக்காக வைத்துக்கொள்வோம். தைக்கும்போது உள்ளிழுக்கும் என்பதால் பேட்டிங் 160 × 210 செ.மீ. இருக்க வேண்டும். ஒரே துண்டாகச் செய்ய முயல வேண்டாம். ஈரத்தில் அந்த எடையைப் புரட்டவே இரண்டு பேர் வேண்டும், புரட்டும்போது நடுவில் கிழியும். நான்கு துண்டாகச் செய்து இணைப்பதே வழி.

ஒவ்வொரு துண்டையும் 95 × 125 செ.மீ. அளவில் பரப்ப வேண்டும். பக்கத்துக்குப் பத்து சதவீதம் சுருங்கிய பிறகு 85 × 112 செ.மீ. சுமாருக்கு வரும், இணைக்கும் விளிம்புகளில் 5 செ.மீ. ஏறிக்கொள்ளும். ஒரு துண்டுக்கு 240 கிராம் வாரிய ரோமம், நான்கு அடுக்காக, அடுக்குக்கு 60 கிராம். மொத்தம் 960 கிராம். முடிந்த பேட்டிங் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 260 கிராம் எடையில் நிற்கும். மலைக்குளிருக்கு இது சரி. லேசானது போதும் என்றால் அடுக்குக்கு 45 கிராமாகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் மெலிந்த இடங்கள் விழும்.

வாரும்போது பத்துப் பதினைந்து சதவீதம் கழிவு போகும். ஆக, அலசிய ரோமம் 1.1 கிலோ வேண்டும். அலசாத ரோமத்தில் கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் சேர்ந்து 40 சதவீதம் வரை இருக்கும், அழுக்குப் பகுதிகளைக் கழிப்பது தனி. எனவே ஆட்டிலிருந்து வெட்டிய நிலையில் 2.2 முதல் 2.5 கிலோ வரை வாங்குங்கள். அலசி வாரியதாகவே வாங்குபவர்களுக்கு ஒரு கிலோ போதும். அவர்கள் நேராக அடுக்கும் படிக்குப் போகலாம்.

கழிப்பதும் பிரிப்பதும்

அலசாத பச்சை ரோமத்தில் ஒரு ஆபத்து உண்டு. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியின் வித்துகள் ரோமத்தில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஆலைகளில் ரோமம் பிரித்தவர்களைக் கொன்ற நோய் இதுதான். வீட்டு வெந்நீரும் சோப்பும் அந்த வித்துகளைச் சாகடிக்காது. அதனால் ஆடுகள் திடீர் திடீரென்று செத்த மந்தையின் ரோமத்தையும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மூட்டையையும் தொடாதீர்கள். நல்ல மந்தை என்றாலும் முகக்கவசமும் கையுறையும் போட்டுத் திறந்த வெளியில் பிரியுங்கள்.

பழைய கம்பி வலையை இரண்டு செங்கல் வரிசைமேல் வைத்து, ரோமத்தை அதன்மேல் விரித்து உதறுங்கள். மண்ணும் விதையும் கீழே விழும். சாணம் ஒட்டிய பின்பகுதி, வயிற்று ரோமம், கழுத்தோரம் வைக்கோலும் நெருஞ்சியும் சிக்கிய பகுதி எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுங்கள். ரோமம் வெட்டுபவர் ஒரே இடத்தில் இரண்டாவது தடவை கத்திரி போட்டிருந்தால் அரை அங்குலத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கையால் உதறி எடுத்துவிட வேண்டும். பின்னால் பேட்டிங்கில் வரும் குருணை முடிச்சுகளில் பெரும்பகுதி இந்தத் துணுக்குகளால் வருவது. இங்கே மனம் இரங்கி மிச்சம் பிடித்தால் வாரும்போது இரட்டிப்பு வேலை.

அலசுதல்

முதல் நாள் இரவு ரோமத்தைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். வியர்வை உப்பும் மண்ணும் பெருமளவு இதிலேயே போய்விடும். மறுநாள்தான் கொழுப்பை எடுப்பது. ரோமக் கொழுப்பு ஏறக்குறைய 40 டிகிரியில் உருகும், ஆனால் உருகினால் மட்டும் போதாது. இழையை விட்டு முழுக்க வெளியேற நீர் 60 முதல் 65 டிகிரி வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? நம் ஊர் வெப்பத்தில் கொதிக்கும் நீர் ஒரு பங்கு, குழாய் நீர் ஒரு பங்கு கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். குளிர் நாட்டில் குழாய் நீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கை வைக்க முடியாத சூடு, கையுறை கட்டாயம்.

500 கிராம் ரோமத்தை வலைப்பையில் தளரக் கட்டி, 20 லிட்டர் நீரில் 40 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மெதுவாக அமிழ்த்துங்கள். கலக்காதீர்கள், பிசையாதீர்கள். சூடும் சோப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. அசைவும் சேர்ந்தால் பையிலேயே இறுகிவிடும். குழாய் நீரை நேராக ரோமத்தின்மேல் திறந்துவிடுவதும் அசைவுதான். இருபது நிமிடத்தில் பையைத் தூக்கி வடியவிடுங்கள். நீர் 45 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை விட்டுவைத்தால் வெளியேறிய கொழுப்பு திரும்ப இழையில் படியும், பிசுபிசுப்பு போகாது. இரண்டாவது முறை திரவம் பாதி. பிறகு சோப்பில்லாமல் இரண்டு தடவை. நான்கு தடவையும் நீரின் சூடு ஒன்றுபோல இருக்கட்டும். சூட்டிலிருந்து குளிர்ந்த நீருக்குத் திடீரென மாற்றுவதும் ரோமத்தை இறுக்கும். கடைசி அலசலில் 5 லிட்டருக்கு 30 மி.லி. வினிகர்.

சோப்புத் துண்டுக்குப் பதில் பாத்திரத் திரவம் சொல்வதற்குக் காரணம் போர்வெல் தண்ணீர். உப்புநீரில் சோப்பு வெள்ளைக் கசடாகி இழையில் ஒட்டிக்கொள்ளும். சலவை சோடா போட்டால் கொழுப்பு வேகமாகப் போகும் என்று சிலர் சொல்வார்கள். சூடான காரம் ரோமத்தை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும், வேண்டாம். அலசிய பிறகும் மஞ்சளாகவே நிற்கும் சில கற்றைகள் கறை பிடித்தவை. வெளுக்காது, நடுவடுக்கில் வைத்தால் தெரியாது. கொழுப்பு நீரைச் சாக்கடையில் விட்டால் குழாய் அடைக்கும், மரத்தடியில் ஊற்றலாம்.

நிழலில், வலைமேல், அவ்வப்போது புரட்டி உலர்த்துங்கள். இரண்டு நாள் ஆகலாம். உலர்ந்ததும் முகர்ந்து பாருங்கள், விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். பிசுக்கும் ஆட்டு வாடையும் இருந்தால் இன்னொரு வெந்நீர் அலசல் தேவை. மழைக்காலத்தில் குயில்ட்டிலிருந்து ஆட்டுக் கொட்டகை வாடை வருகிறது என்றால் காரணம் இந்தப் படியில் விட்ட கொழுப்புதான்.

வாருதல்

முதலில் கையால் ஒவ்வொரு கற்றையையும் பக்கவாட்டில் இழுத்து, நுனிகளைப் பிரித்து, புகைபோல உதிரியாக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் கற்றையாகவே சீப்பில் போட்டால் இழை அறும்.

கைச்சீப்பு என்றால் கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகள். இடக்கைப் பலகையில் 3 அல்லது 4 கிராம் மட்டும் பற்றவைத்து, வலக்கைப் பலகையால் முதலில் நுனியோரம், பிறகு உள்ளே உள்ளே என்று வாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சத்தம் வந்தால் அழுத்தம் அதிகம். மூன்று நான்கு தடவை மாற்றி வாரினால் மெல்லிய பட்டை வரும். உருட்டாமல் தட்டையாகவே எடுங்கள். ஒரு முழு குயில்ட்டுக்கு 250 முதல் 300 பட்டைகள் வரை வேண்டும். பல வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்பவர்களுக்குச் சரி. அடுத்தடுத்து செய்வதாக இருந்தால் கைப்பிடி சுற்றி ரோமம் வாரும் உருளைக் கருவியான டிரம் கார்டர் வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ நல்லது. ஒரு சுற்றில் 40 கிராம் சுமாருக்குப் பட்டை வரும். ஒரே பட்டையை இரண்டு தடவை விட்டால் போதும். நான்கு ஐந்து தடவை விட்டால் இழைகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துவிடும், உப்பல் போகும்.

பஞ்சு கொட்டும் வில் இருக்கிற ஊரில் அதையும் பயன்படுத்தலாம். நம்தா செய்யும் இடங்களில் ரோமத்தை வில்லால் அடிக்கும் வழக்கம் உண்டு. வில்லடித்த ரோமத்தில் இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து நிற்பதால் பேட்டிங்குக்கு உண்மையில் சீப்பைவிட அது பொருத்தம். வறண்ட நாளில் ரோமம் கையிலும் பல்லிலும் ஒட்டிக்கொண்டு பறக்கும். ஒரு முறை தண்ணீர் தெளித்து அரைமணி மூடிவைத்தால் அடங்கும்.

அடுக்குதல்

அகலமான மேசையிலோ தரையிலோ பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் மெல்லிய நைலான் கொசுவலைத் துணி. 95 × 125 செ.மீ. கட்டத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

60 கிராம் ரோமத்தைத் தராசில் நிறுத்து எடுத்து, முதல் அடுக்கை நீளவாக்கில் பரப்புங்கள். பட்டையை வெட்டாதீர்கள், பிய்த்துப் போடுங்கள். பிய்த்த ஓரம் மெலிந்து அடுத்ததோடு கலக்கும், வெட்டிய ஓரம் கோடாக நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று 2, 3 செ.மீ. ஏறட்டும். இரண்டாவது அடுக்கு குறுக்குவாக்கில், மூன்றாவது மறுபடி நீளவாக்கில், நான்காவது குறுக்கே. திசை மாற்றாமல் அடுக்கினால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கும், மறுபக்கம் இழுத்தால் பிளக்கும்.

ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் கண்ணை மட்டும் நம்பாமல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாக நகர்த்துங்கள். மேசையின் கடினம் கையில் படும் இடம் மெலிந்த இடம். அங்கே ஒரு சிட்டிகை ரோமம் வையுங்கள். ஈரம் பட்ட பிறகு இந்தத் தவறைத் திருத்த முடியாது.

இணைப்புக்கு வரும் இரண்டு விளிம்புகளில் 5 செ.மீ. அகலத்துக்கு ரோமத்தைப் பாதித் தடிமனாக மெலித்து விடுங்கள். இல்லாவிட்டால் இணைத்த இடம் இரட்டிப்புத் தடிமனாகி, குயில்ட்டின் நடுவில் சிலுவைபோல மேடு தெரியும்.

தோலை மட்டும் இறுக்குதல்

இங்கேதான் வேலை நிற்பதும் கெடுவதும். முழுத் துண்டைத் தொடுமுன் 20 × 20 செ.மீ. மாதிரி ஒன்றை 8 கிராம் ரோமத்தில் செய்து, எத்தனை உருட்டலில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு ரோமமும் ஒவ்வொரு கணக்கு. மாதிரி 18 செ.மீ.க்கு வந்த இடம்தான் உங்கள் நிறுத்தம்.

ஒரு லிட்டர் 40–45 டிகிரி நீரில் ஒரு டீஸ்பூன் துருவிய ஆலிவ் எண்ணெய் சோப்போ மென்மையான குளியல் சோப்போ கரையுங்கள். உப்புநீர் ஊர் என்றால் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ வேண்டும். ஊற்ற வேண்டாம், செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் மேற்பரப்பில் மட்டும் தெளியுங்கள். ஒரு பக்கத்துக்குக் கால் லிட்டரைத் தாண்டக் கூடாது. தண்ணீர் நடுவடுக்குவரை இறங்கினால் நடுவடுக்கும் இறுகத் தொடங்கும். இணைப்பு விளிம்புகள் உலர்ந்தே இருக்கட்டும்.

மேலே இன்னொரு கொசுவலைத் துணியைப் போர்த்தி, சோப்பு தடவிய உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். ஐந்து நிமிடம் அழுத்தம் மட்டும், தேய்ப்பு கிடையாது. முதலிலேயே தேய்த்தால் இழைகள் விலகித் திட்டுத்திட்டாகும். பிறகு எடையே வைக்காமல் சிறு வட்டமாக ஐந்து நிமிடம் தேய்க்கலாம். அடிக்கடி வலையை உரித்து எடுங்கள். மறந்தால் ரோமம் வலையோடு சேர்ந்து பின்னிக்கொள்ளும். பாயோடும் வலையோடும் சேர்த்துத் துண்டைப் புரட்டி, அடிப்பக்கத்துக்கும் இதே வேலை.

இரண்டு பக்கமும் பிடித்ததும் உருட்டுதல். 5, 6 செ.மீ. பருமனுள்ள பி.வி.சி. குழாயில் துண்டையும் பாயையும் சேர்த்துத் தளரச் சுற்றி, முழங்கையின் சொந்த எடையால் மட்டும் முன்னும் பின்னும் 25 தடவை உருட்டுங்கள். பிரித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி சுற்றி 25. இப்படி நான்கு திசை. திசை மாற்றாவிட்டால் உருட்டிய திசையில் மட்டும் சுருங்கும்.

ஒவ்வொரு 25-க்கும் சோதனை: மேற்பரப்பை இரு விரலால் கிள்ளி மெல்லத் தூக்குங்கள். தனி இழைகள் மட்டும் எழும்பினால் இன்னும் போதாது. தோல் முழுக்க ஒரே படலமாகக் கூடாரம்போல எழும்பி, அதற்குக் கீழே நடுப்பகுதி தனியாக வழுக்குவது விரலுக்குத் தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். மேற்பரப்பில் பொரிப்பொரியாகச் சுருக்கம் தெரிந்தால் தாண்டிப் போய்விட்டீர்கள். வழக்கமான ஃபெல்ட் பாடங்களில் இதற்கு அடுத்து வெந்நீரில் முக்கி மேசையில் ஓங்கி அடிக்கச் சொல்வார்கள்; பேட்டிங்குக்கு அது கூடவே கூடாது. தாண்டிப் போன துண்டைத் தூக்கிப்போட வேண்டாம், உட்காரும் விரிப்பாகவோ காலணிக்குள் வைக்கும் தளமாகவோ நன்றாக உழைக்கும்.

சோப்பை எடுத்து உப்பவைத்தல்

துண்டை வலையோடு சேர்த்தே தூக்கி, வெதுவெதுப்பான நீர் நிரம்பிய அகலத் தொட்டியில் வைத்து அழுத்தி எடுங்கள். நீர் தெளியும்வரை மாற்றி, கடைசியில் அதே வினிகர் அளவு. சோப்பு தங்கினால் உலர்ந்தபின் ரோமம் விறைக்கும், வருடங்கள் போனால் மஞ்சளிக்கும். முறுக்கிப் பிழியக் கூடாது. பழைய துண்டில் சுருட்டி மிதித்து நீரை எடுக்கலாம். வாஷிங் மெஷினில் சுழற்சி மட்டும் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் வைக்கலாம்.

உலர்த்தக் கயிற்றுக் கட்டிலை விட நல்ல சாதனம் இல்லை, இரு பக்கமும் காற்று போகும். அளவுக்கு இழுத்துச் சதுரப்படுத்தி நிழலில் விடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் மேல்பாதி மெலிந்து கீழ்ப்பாதி தடிக்கும். பாதி உலர்ந்ததும் மெல்லிய பிரம்பால் இரு பக்கமும் லேசாகத் தட்டுங்கள். முழுக்க உலர்ந்தபின் இஸ்திரிப் பெட்டியை 3, 4 செ.மீ. உயரத்தில் பிடித்து, தொடாமல், நீராவி மட்டும் விட்டு இன்னொரு முறை தட்டினால் நடுவடுக்கு எழும்பும். கடைசித் தடிமன் 6 முதல் 10 மி.மீ. இருந்தால் சரியான பேட்டிங். 4 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இறுக்கம் அதிகம். அடுத்த துண்டில் உருட்டலைப் பாதியாக்குங்கள். நான்கும் ஒரே மாதிரி வர, உருட்டல் எண்ணிக்கையை முதல் துண்டிலிருந்தே குறித்து வைப்பது உதவும்.

நான்கையும் இணைத்தல்

மெலித்த விளிம்புகளை 5 செ.மீ. ஏற்றி வைத்து, அடியில் தடித்த நுரைத் துண்டு வைத்து, 38 எண் ஃபெல்டிங் ஊசியால் இணைப்பு நெடுகக் குத்திக்கொண்டே போங்கள். ஊசியின் பக்கங்களிலுள்ள சிறு வெட்டுகள் இழைகளைக் கீழே இழுத்துக் கோக்கும். நேராக இறக்கி நேராக எடுக்க வேண்டும், சாய்த்தால் முனை ஒடிந்து உள்ளேயே தங்கும். போர்வைக்குள் ஊசி முனை தங்குவது விளையாட்டல்ல, ஒடிந்தால் அந்தத் துணுக்கைக் கண்டெடுத்த பிறகே தொடருங்கள். முடிந்ததும் காந்தம் ஒன்றைத் தடவிப் பாருங்கள். ஊசி இல்லாதவர்கள் பருத்தி நூலால் ஓரங்குல இடைவெளியில் தளர்ந்த குறுக்குத் தையல் போடலாம். இறுக்கி இழுத்தால் அங்கே பள்ளம் விழும்.

குயில்ட்டில் வைக்கும்போது

இழை துணியைத் துளைத்து வெளியே எட்டிப்பார்ப்பதுதான் ரோம பேட்டிங்கின் பெரிய தொல்லை. தோல் இறுகியிருந்தாலும் துணியும் ஒத்துழைக்க வேண்டும். காடா, தளர்ந்த கைத்தறி, பாலியஸ்டர் கலவை மூன்றும் ஆகாது. பாலியஸ்டர் உராய்வில் மின்னேறி இழையை இழுக்கும். நெருக்கமாக நெய்த கேம்பிரிக் அல்லது பாப்ளின் எடுத்து, முதலிலேயே நனைத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த துணியில்தான் செய்ய வேண்டும் என்றால் பேட்டிங்கின் இரு பக்கமும் மல் துணி ஒட்டி வைத்துத் தையுங்கள். வெளியே வந்த இழையை இழுத்துப் பிடுங்காதீர்கள், பின்னாலேயே இன்னும் நாலு வரும். பின்பக்கத்திலிருந்து துணியை நகர்த்தி உள்ளே வாங்கிக்கொள்ள வையுங்கள்.

தையல் வரிசைகளுக்கு இடையே 8 செ.மீ. பாதுகாப்பான இடைவெளி. தோல் நன்றாகப் பிடித்த துண்டுக்கு 10 செ.மீ. வரை போகலாம். நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டும் முறை என்றால் எட்டு செ.மீ.க்கு ஒரு முடிச்சு. ரோமத்தில் ஊசி வெண்ணெய்போல இறங்கும். பருத்தி பேட்டிங்கில் கை வலித்தவர்கள் வித்தியாசத்தை முதல் வரிசையிலேயே உணர்வார்கள்.

துவைப்பதும் பூச்சியும்

உள்ளிருக்கும் ரோமத்துக்கு இறுகும் குணம் இன்னும் போகவில்லை என்பதை மறக்கக் கூடாது. மெஷின் துவைப்பும் டிரையரும் நடுவடுக்கையும் சேர்த்து அட்டையாக்கிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் தேவைப்பட்டால், குளிர்ந்த நீரில் ரோமத்துக்கென்றே உள்ள திரவத்தில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து அழுத்தி எடுத்து, தட்டையாக உலர்த்தினால் போதும். மற்ற நாட்களில் காற்றாட விரித்தால் வாடை தானே போகும். உறை ஒன்று போட்டு வைத்தால் துவைக்கும் தேவையே வெகுவாகக் குறையும்.

அந்துப்பூச்சியின் புழுதான் ரோமத்தைத் தின்பது, பறக்கும் பூச்சி அல்ல. வியர்வையும் எண்ணெயும் பட்ட ரோமத்தை அது முதலில் தேடும். ஆகவே பெட்டியில் வைக்குமுன் சுத்தமாகவும் முழுக்க உலர்ந்தும் இருக்க வேண்டும். வாங்கிய ரோமத்தில் ஏற்கெனவே முட்டை இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். உடனே திறந்தால் ரோமத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். முழு குயில்ட்டுக்கும் இதையே செய்யலாம், ஃப்ரீசர் பெரிதாக இருந்தால். சேமிக்கும்போது பருத்தி உறையில் தளர மடித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வையுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பையில் ஒரு வருடம் அழுத்தி வைத்தால் உப்பல் முழுதாகத் திரும்பாது. அப்படி வைத்ததை எடுத்தால் நீராவி காட்டிப் பிரம்பால் தட்டி எழுப்பிப் பாருங்கள்.